உப்புக் காற்றில் ஃபைபர் கிரேட்டிங்: தாளை விடுங்கள், கிளிப்பைப் பாருங்கள்

கடலோரச் சரணாலயம் ஒன்றில் பராமரிப்பு என் பொறுப்பு. பறவைகளை எண்ணுவதும் ஆமை முட்டைக்குக் காவல் இருப்பதும் வேறு ஆட்களின் வேலை. என்னிடம் வருபவை நடைபாதை, பார்வை மாடம், கழிப்பறை, மோட்டார், படகுத்துறை, சாவிக் கொத்து. எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை யாரும் என்னைத் தேட மாட்டார்கள்.

சதுப்பின் மேலே போகும் நடைபாதையில் மரப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஃபைபர் கிரேட்டிங், அதாவது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்த கட்டம் போட்ட தாள், போட்டிருக்கிறோம். கடைக்காரர்கள் எஃப்ஆர்பி கிரேட்டிங் என்பார்கள். பல மழைக்காலங்களையும் புயல்களையும் அது பார்த்துவிட்டது. வேறு சரணாலயங்களில் இதே வேலையில் இருப்பவர்கள் "போடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். தயாரிப்பவர் பெயரைப் போடவில்லை. தாளைப் பொறுத்தவரை எல்லாரிடமும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

போடலாம். 5க்கு 4 கொடுப்பேன். குறைந்த அந்த ஒரு புள்ளி தாளுக்கானது அல்ல, தாளைச் சட்டத்தோடு பிடித்து வைக்கிற சில்லறைச் சாமான்களுக்கானது.

பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழைக் கற்றைகளை அச்சில் குறுக்கும் நெடுக்கும் பின்னி, ரெசின் ஊற்றி இறுக வைத்த கட்டம் போட்ட தாள் இது. வலைக்குக் கண் இருப்பது போல இதற்கும் கண் உண்டு. அச்சில் வார்த்த தாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இழை, மீதி ரெசின். இழையை இழுத்துச் செய்யும் இன்னொரு வகை உண்டு. அதில் இழை அதிகம், ஒரு திசையில் பலமும் அதிகம், ஆனால் ஓரிடத்தில் வெட்டி ஓட்டை போட்டால் பலம் சட்டென்று குறையும். தூணுக்கும் மரத்துக்கும் வளைந்து கொடுத்துப் போகவேண்டிய நடைபாதைக்கு வார்த்த வகைதான் தோது. அதிகம் விற்பது 38 மில்லிமீட்டர் கனம். எடை சதுர மீட்டருக்கு 18, 19 கிலோ வரும். 1220க்கு 3660 மில்லிமீட்டர் முழுத் தாள் 80 கிலோவைத் தாண்டிவிடும், சேற்றில் நின்று அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். வாங்கும்போதே பாதியாக வெட்டித் தரச் சொல்லுங்கள். இடுப்பு மிஞ்சும்.

ரெசின் எது என்று கேட்காமல் வாங்காதீர்கள். மலிவானது ஆர்த்தோ வகை பாலியெஸ்டர். உப்புத் தண்ணீருக்கு ஐசோ வகையாவது வேண்டும். அலை தொடும் இடம் என்றால் வினைல் எஸ்டர். நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசும் விற்பனையாளர் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். வெயிலுக்கு எதிரான சேர்மானமும் மேல் பரப்பில் ரெசின் செறிந்த மெல்லிய விரிப்பும் உண்டா என்றும் கேளுங்கள். இவை இல்லாத தாளில் வெயில் ரெசினைத் தின்று இழையை வெளியே கொண்டுவந்துவிடும். அப்புறம் கைப்பிடி ஓரத்தில் கை வைத்தால் சிலாம்பு ஏறும். மரச் சிலாம்பாவது கண்ணுக்குத் தெரியும்.

மரத்தை ஏன் கைவிட்டோம் என்று கேட்பார்கள். நல்ல மரம் நல்ல மரம்தான், அதில் நடப்பதே ஒரு சுகம். ஆனால் ஓதம் ஏறி இறங்கும் உயரத்தில் கப்பல் புழு தூணைத் துளைக்கும், அதற்கு மேலே நனைந்து காய்கிற பலகையைப் பூஞ்சை தின்னும். இரண்டையும் தடுக்க ஒரு காலத்தில் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவையை மரத்துக்குள் அழுத்தி ஏற்றினார்கள். அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களில் அந்தக் கலவையை நிறுத்திக்கொண்டார்கள். நண்டும் மீன்குஞ்சும் வளர்கிற சேற்றின் மேல் ஆர்சனிக் ஊறிய பலகையைப் போட எனக்கு மனம் வரவில்லை. மறுசுழற்சிப் பிளாஸ்டிக் பலகையையும் பார்த்தோம். 3 மீட்டர்ப் பலகை வெயிலில் 30 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீளும். இடைவெளி விடாமல் அடித்தால் நெளியும். ஈரத்தில் வழுக்கும். அதைவிட முக்கியம், அதுவும் மரத்தைப் போலவே வெளிச்சத்தை மறைக்கும்.

வெளிச்சத்துக்குத்தான் வருகிறேன். கிரேட்டிங் போட்டதில் எனக்கு உண்மையான திருப்தி கொடுத்தது இந்த ஒன்றுதான். பழைய நடைபாதைக்கு அடியில் உவர்ச்செடிகள் செத்து வெறும் சேறு ஒரு பட்டையாகக் கிடந்தது. இப்போது அங்கே பச்சை திரும்பியிருக்கிறது, ஓரங்களில் நன்றாகவே. 38 மில்லிமீட்டர்க் கண் உள்ள தாளில் பரப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு திறந்த வெளி. அலையாத்தியும் உவர்ப்புல்லும் கடற்புல்லும் உள்ள இடத்தில் துறை கட்டுவதற்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையும் கடல் மீன்வளத் துறையும் புளோரிடாவுக்காக 2001ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் கிரேட்டிங்கில் குறைந்தது 43 விழுக்காடு திறப்பு வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கணக்கில் 38 கண் தாராளமாகத் தேறும்.

சிக்கல் அதே கண்ணில்தான் தொடங்குகிறது. 38 என்பது நடுவுக்கு நடு அளவு. கண்களுக்கு நடுவே உள்ள பட்டையின் தடிமனைக் கழித்தால் உள் இடைவெளி 31, 32 மில்லிமீட்டர். தண்ணீர் பாட்டில் மூடியின் அகலம் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். கைதவறிய மூடி ஒவ்வொன்றும் நேராகச் சேற்றுக்குத்தான் போகும். சிகரெட் துண்டு, மிட்டாய்த் தாள், சாவி, காதணி எல்லாம் அதே வழி. மரப் பலகையில் பெருக்கி அள்ளிய குப்பையை இப்போது நீர் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கிப் பொறுக்குகிறோம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் அலையாத்தியின் சுவாச வேர்களை மிதிக்கிறோம். செடிக்காகக் கிரேட்டிங் போட்டுவிட்டு, அது விழவிட்ட குப்பைக்காகச் செடியை மிதிப்பது என்ன நியாயம்?

இன்னொன்று, சக்கர நாற்காலி. அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டத்தின் தர அளவுப்படி நடைதளத்தில் உள்ள துளை 13 மில்லிமீட்டர் உருண்டையை உள்ளே விடக்கூடாது. 38 கண்ணில் நாற்காலியின் முன் சக்கரம் ஒவ்வொரு கட்டத்திலும் தட்டித் தட்டி நிற்கும், பார்வையற்றவரின் வெள்ளைக் கோல் உள்ளே இறங்கிச் சிக்கும். குழந்தை வண்டியும் அப்படியே. மேல் பக்கம் 19 மில்லிமீட்டர்க் கண் உள்ள தாளை எடுத்தால் உள் இடைவெளி 13க்குள் வரும், பாட்டில் மூடியும் மேலேயே நிற்கும். ஆனால் திறப்பு 40 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது. தயாரிப்பாளரைப் பொறுத்து 43க்கு ஒரு புள்ளி மேலேயோ சில புள்ளி கீழேயோ நிற்கும். கையேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், சிலர் அச்சடிப்பதே இல்லை.

நான் சின்னக் கண்ணைத்தான் சொல்வேன். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. வெளிச்சத்தை வேறு வழிகளில் மீட்கலாம், நாற்காலியில் வருபவரை வேறு வழியில் உள்ளே கொண்டுபோக முடியாது. மாசசூசெட்ஸ் கடலோரத்தில் படகுத்துறைகளுக்கு அடியில் கடற்புல் எப்படி இருக்கிறது என்று பார்த்த ஆய்வு 1999ல் வந்தது. துறை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்று அதில் தெரிந்தது. உயரம் கூடக்கூட நிழல் கலையும். வடக்கு தெற்காகப் போகும் பாதையின் நிழல் காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் விழுவதால் ஒரே செடி நாள் முழுக்க இருட்டில் இருக்காது. அகலத்தைக் குறைத்து, ஒதுங்கி வழிவிட அங்கங்கே மட்டும் அகலமாக்கலாம். புதிதாகத் தூண் நடுகிறவர்கள் இதையெல்லாம் வரைபடத்திலேயே முடித்துவிட வேண்டும். பழைய தூண்களின் மேல் தாள் மாற்றும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. சதுப்பு உயிரோட்டமாக உள்ள நடுப்பகுதியில் உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டோம்.

தூணே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1995ல் சேர்ந்த ஹாங்காங்கின் மாய் போ சதுப்பில் அலையாத்திக்கு நடுவே மிதக்கும் நடைபாதை போட்டு, சேற்று வெளி ஓரத்தில் உள்ள மாடம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். ஓதத்தோடு அதுவும் ஏறி இறங்கும். ஆனால் நீர் ஏறும்போதும் வற்றும்போதும் சரிவு மாறும் பாதையில் சக்கர நாற்காலியை நம்பி விட முடியாது. அதனால் எங்களுக்கு அது சரிப்படவில்லை.

அடுத்தது எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒன்று. ஃபைபர் வளையும், எளிதில் உடையாது. எஃகோடு ஒப்பிட்டால் இதன் விறைப்பு பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அதனால் தாளின் அளவை எவ்வளவு எடை தாங்கும் என்று பார்த்து முடிவு செய்யாமல், எவ்வளவு துள்ளும் என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும். அட்டவணைப்படி 900 மில்லிமீட்டருக்கு ஒரு தாங்கு சட்டம் போதும். நடப்பவருக்கும் அது போதும். பறவை பார்ப்பவருக்குப் போதாது. முக்காலியில் தொலைநோக்கியை நிறுத்தி, தூரத்துச் சேற்றில் நிற்பது பெரிய உள்ளானா வேறொன்றா என்று ஒருவர் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் வந்தால், பறவை கண்ணாடிக்குள் குதியாட்டம் போடும். வருகைப் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதப்பட்டதை எல்லாம் இங்கே எழுத முடியாது. மாடத்தைச் சுற்றி மட்டும் தாங்கு சட்டங்களை 600க்கு நெருக்கினோம், ஆட்டம் பெருமளவு அடங்கியது. முற்றிலும் நிற்க வேண்டுமானால் முக்காலிக்கென்று தளத்தைத் தொடாத தனித் தூண் மேடை வேண்டும். அது செய்யத்தக்க வேலை. இன்னும் பட்டியலில் இருக்கிறது.

மேற்பரப்பில் மணல் துகள் ஒட்டிய வகை, குழிந்த வகை என்று இரண்டு விற்கிறார்கள். மணல் வகையை எடுங்கள். வெறுங்காலுக்கும் முழங்காலுக்கும் உறுத்தும், பறவை எச்சம் கழுவக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான். பாசி பிடித்தாலும் கால் நிற்கிறது.

இனி அந்தக் குறைந்த ஒரு புள்ளி.

தாளைச் சட்டத்தோடு பிடிக்கக் கொடுக்கும் கிளிப்பில் இரண்டு ரகம். ஒன்று, சட்டத்தின் விளிம்பைக் கீழிருந்து கவ்வி உராய்வில் நிற்பது. ஓட்டை போட வேண்டாம், மாட்டுவது சுலபம், விற்பவருக்கும் மாட்டுபவருக்கும் பிடித்தது. நடைபாதையின் துள்ளலில் அது மெல்ல மெல்ல நழுவும். நழுவியது தெரிவதற்கு முன்னால் சத்தம் போடும். நடக்க நடக்கத் தடதடவென்று ஒரு ஒலி. ஓதம் ஏறி, உள்ளான்கள் கரையோரம் ஒதுங்கி இளைப்பாறும் நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து கொழுப்புச் சேர்க்கிற பறவைக்கு வீணாக எழும்பும் ஒவ்வொரு முறையும் செலவு. ஒரு நட்டு தளர்ந்ததற்கு உயிரியல் பிரிவிலிருந்து எனக்குக் கடிதம் வருவது இப்படித்தான்.

இன்னொரு ரகம் இரண்டு கட்டங்களின் மேல் குதிரைச் சேணம் போட்டாற்போல் உட்கார்ந்து, நடுவில் போல்ட் கீழே இறங்கிச் சட்டத்தைத் துளைத்து நட்டில் இறுகுவது. வேலை கூடும். அதையே வாங்குங்கள். புயல் நாளில் வித்தியாசம் தெரியும். கிரேட்டிங்கின் பெரிய பலமே அலை அடியிலிருந்து வந்தாலும் கண் வழியே நீர் மேலே பீறிட்டு அழுத்தம் குறைவது. மரப் பலகையில் அதே அலை பலகையையே பிடுங்கிக்கொண்டு போகும். ஆனால் சின்னக் கண் தாளில் அந்தத் தப்பும் வழியும் குறுகுகிறது. கவ்வு கிளிப் போட்ட பகுதியில் தாள்கள் எழும்பிச் சதுப்புக்குள் கிடந்தன. போல்ட் போட்ட பகுதியில் ஒன்றும் அசையவில்லை.

போல்ட் என்றதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பார்கள். எந்த ஸ்டெயின்லெஸ்? 304ல் குரோமியமும் நிக்கலும் உண்டு. 316ல் அவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம். உப்பில் உள்ள குளோரைடு ஸ்டீலின் மேல் உள்ள காப்புப் படலத்தைக் குத்தி ஓட்டை போடும், மாலிப்டினம் அதை எதிர்த்து நிற்கும். அலையடிக்கும் கரையிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே வரைகூட ஸ்டெயின்லெஸ் மேல் டீக்கறை போல் பழுப்பு படியும். கறை அழகைத்தான் கெடுக்கும். வாஷருக்கு அடியில் காற்றுப் புகாத இடுக்கில் நடப்பதுதான் ஆபத்து, அங்கே மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டு போகும்.

எங்களுக்குத் தாள் கொடுத்தவர் "எல்லாம் 316 சார், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்" என்றார். பில்லிலும் 316. ஒரே மழைக்காலத்தில் பழுப்பு. காந்தம் வைத்துப் பார்க்கலாம் என்பது பலரின் நம்பிக்கை. இரண்டு ரகத்தையும் காந்தம் பெரிதாக இழுக்காது, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாலிப்டினம் கண்டுபிடிக்கச் சொட்டு மருந்து மாதிரி ஒரு சோதனைத் திரவம் கிடைக்கிறது. ஒரு துளி விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்தால் போதும். நிறம் மாறவே இல்லை. மாற்றிக் கொடுத்தார்கள், நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு. இப்போது சரக்கு இறங்கும்போதே ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துளி விட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.

316லும் ஒரு தொல்லை. மின்சார முடுக்கியில் வேகமாக முறுக்கினால் நட்டும் போல்ட்டும் சூடேறி ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கடிப்புத் தடுக்கும் பசை தடவி, மெதுவாக, கையால். கீழே அலுமினியச் சட்டம் என்றால் நடுவில் நைலான் வாஷர் போடாமல் விடாதீர்கள். உப்பு நீர் நடுவே நின்றால் அந்தச் சோடியில் கரைவது அலுமினியம்தான்.

வெட்டு முனை பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி இழை துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் வெட்டிய முனையில் இழை வாய் திறந்து நிற்கும், அதன் வழியே தண்ணீர் உள்ளே ஊறும். வெட்டிய எல்லா முனைக்கும் ரெசின் பூசி அடைக்க வேண்டும், அதுவும் காய்ந்த நாளில். தொழிற்சாலையிலேயே அளவுக்கு வெட்டிப் பூசி வருவது உத்தமம். களத்தில் வெட்டியே தீர வேண்டிய துண்டுகளை வைர முனைத் தகடு போட்டு, தார்ப்பாய் விரித்து, முகக்கவசம் போட்டு, நீரிலிருந்து தள்ளி வெட்டுங்கள். அந்தத் தூள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். சேற்றில் விழுந்தால் திரும்ப எடுக்க வழியே இல்லை. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நடைபாதை மேலேயே உட்கார்ந்து அறுக்கத்தான் பார்ப்பார்கள், அது சுலபம். அன்றைக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. மழை ஓய்ந்ததும் ஒரு முறை எல்லா நட்டையும் தொட்டுப் பார்ப்பது, புயலுக்குப் பிறகு மறுபடி. நல்ல தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். பிளீச்சிங் பவுடர் பக்கம் போக வேண்டாம், கழுவும் எல்லாம் கண் வழியே நேராகச் சதுப்புக்குத்தான் போகிறது. வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் மாதங்களில் இறுக்கும் வேலையைக்கூட நீர் வற்றிய நேரத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அப்போது பறவைகள் தூரத்துச் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும். புல் காய்ந்து தீப்பிடிக்கும் இடமாக இருந்தால் தீ தாங்கும் ரகத்தைக் கேளுங்கள், சாதாரண ரெசின் நன்றாகவே எரியும்.

கடைசியாக, பழசானால் என்ன செய்வது? மரம் மக்கும், எஃகை எடைக்குப் போடலாம். இதை உருக்கவும் முடியாது, எரித்தால் புகை. சில இடங்களில் சிமென்ட் சூளைகள் அரைத்து எரிபொருளோடு எடுத்துக்கொள்கின்றன, மற்றபடி குப்பை மேடுதான். புயலில் விரிசல் விட்ட தாள்களைத் துண்டாக்கிப் படகுத்துறைப் படியாகவும் கருவிக் கொட்டகைத் தளமாகவும் போட்டோம். அதற்கும் ஒரு எல்லை உண்டு. விலை பேசும்போதே, பயன் முடிந்த தாளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கப் பாருங்கள். நான் கேட்டவர்களில் சம்மதித்தவர் ஒருவர்தான், அடுத்த பகுதிக்கான ஆர்டரை அவரிடமே கொடுத்திருக்கிறேன். 19 கண், வினைல் எஸ்டர், போல்ட் கிளிப், வெட்டு முனை பூசியது. போல்ட்டை மட்டும் வேறு கடையில் வாங்குகிறேன்.